நாவல்பழ நிறம்

அருளப்பன் செங்கமலத்திடம் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. செங்கமலத்துக்கு நாற்பத்து மூன்று.

இருவரும் டாக்டர்கள். அருளப்பன் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் குடல்வாலும் குடலிறக்கமும் பார்த்தவர். செங்கமலம் நகரத்துக்கு வெளியே இருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியில் முகங்களைச் சரிசெய்பவர். வாய்ப்புற்றுக்காகக் கன்னத்தை வெட்டி எடுத்தபின் அங்கே ஒரு ஓட்டை இருக்கும். அந்த நோயாளியின் தொடையிலிருந்தே தோலும் சதையுமாக ஒரு துண்டை எடுத்து அந்த ஓட்டையை மூடுவார். துண்டோடு வரும் ரத்தக்குழாய்கள் இரண்டையும் கழுத்திலுள்ள குழாய்களோடு தைப்பார். ஒன்று ரத்தத்தைக் கொண்டுவரும். மற்றது திருப்பிக் கொண்டுபோகும். இரண்டும் ஓடினால் தொடை கன்னத்தில் பிழைத்துக்கொள்ளும். ஒன்று அடைத்தாலும் கறுத்து அழுகிவிடும்.

அந்தத் துண்டை அங்கே எல்லோரும் ஃபிளாப் என்பார்கள்.

முதல் நாள் செங்கமலம் கேட்டார். "என்ன கத்துக்க வந்திருக்கீங்க சார்?"

"ஓட்டையை மூட, மேடம்."

"யாரோட ஓட்டையை?"



"எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தார். எங்கேயோ கன்னத்தை வெட்டி எடுத்துட்டு அப்படியே அனுப்பிட்டாங்க. துண்டால முகத்தைக் கட்டிக்கிட்டு வருவார். இதை மூட முடியுமாய்யான்னு கேப்பார். முடியாதுன்னு நாலு வருஷம் சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப வர்றதில்ல."

செங்கமலம் நாட்காட்டியைப் பார்த்தார். "திங்கட்கிழமை வாங்க. வரும்போது கோழிக்கால் வாங்கிட்டு வாங்க. தொடையோட" என்றார்.

கோழித் தொடைக்குள் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. மனிதத் தொடையிலிருந்து எடுக்கிற குழாயைவிட அது மெலிது. அதை நறுக்கி, மறுபடி ஒன்றாகத் தைக்க வேண்டும். ஊசி கண்ணுக்குத் தெரியாது. நூல் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தன் விரல் நடுங்குவது மலை ஆடுவதுபோல் தெரியும்.

அருளப்பன் மூன்று மாதம் கோழிக்கால் தைத்தார்.

நர்ஸ் ரொசாரி தினமும் பையை எட்டிப் பார்ப்பாள். "இன்னைக்கும் பிராய்லரா சார்? நாட்டுக்கோழி வாங்கினீங்கன்னா தச்சு முடிச்சிட்டு வீட்டுக்காவது எடுத்துட்டுப் போகலாம்ல."

"தச்ச கோழியை யாரு சாப்பிடுவா?"

"நான் சாப்பிடுவேன். டாக்டர் தச்ச கோழின்னா சும்மாவா?"

வார்டில் அவருக்குப் பெரிய சீடர் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

செங்கமலம் மாலையில் வந்து, தைத்த குழாய்க்குள் சிரிஞ்சால் தண்ணீரைச் செலுத்திப் பார்ப்பார். தண்ணீர் தையல் வழியாகக் கசிந்தால் "விடுது" என்பார். கசியாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். மூன்றாவது மாதக் கடைசியில் ஒன்பது நாள் தொடர்ந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அருளப்பன் ஒருநாள் கேட்டார். "மேடம், உடம்புல எவ்வளவோ இடம் இருக்கு. ஏன் தொடை?"

செங்கமலம் வெளியே பெஞ்சில் வரிசைக்குக் காத்திருந்த ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டார். எட்டு மாதம் முன்பு ஆபரேஷன் ஆனவர். இடது கன்னத்தில் வேறொரு நிறத்தில் தோல் இருந்தது.

"அண்ணே, அந்தக் கடைசி வரைக்கும் நடந்துட்டு வாங்க."

டிரைவர் வராந்தாவில் போய்த் திரும்பி வந்தார்.

"எந்தக் கால்ல எடுத்தது சார்?" என்று செங்கமலம் கேட்டார்.

அருளப்பன் பார்த்தார். "வலது."

டிரைவர் சிரித்தார். "இடது சார். வேணும்னா ஓடிக் காட்டவா?"

"வேண்டாம். வேற ஏதாவது கஷ்டம் இருக்கா அண்ணே?"

"ஒண்ணுதான் மேடம். வாய்க்குள்ள முடி வளருது. பல்லு விளக்கும்போது பிரஷ்ல மாட்டுது. ஊர்ல எல்லாரும் வெளிய ஷேவ் பண்றான். நான் உள்ள பண்ணணும்போல இருக்கு."

அருளப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செங்கமலம் அடக்கவில்லை. சிரித்துவிட்டு, "தொடைக்கு வாய்க்குள்ள வந்தது தெரியாதுண்ணே. அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்குது. உக்காருங்க, வெட்டி விடுறேன்" என்றார்.

அந்த மாதத்தில் வெள்ளத்தாய் வந்தாள்.

நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் உப்பு வாரிச் சுமந்தவள். உச்சிவெயிலில் பசி தெரியாமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அங்கே வழக்கம். இருபது வருடம் ஒரே கன்னத்தில் அடக்கினாள். அந்தக் கன்னத்தில் புற்று வந்து, தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் துளை வழியாக வடியும்.

கூட வந்தவன் அவள் புருஷன் பூலோகம். அவனும் உப்பளத்தில்தான் வேலை. ஒல்லியான ஆள். யாராவது கேட்டால்தான் பேசுவான்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று செங்கமலம் கேட்டார்.

வெள்ளத்தாய் முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "பந்தியில உக்காந்து சாப்புடணும்மா. ஒரு வருசமாச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறவு, மூலையில செவரப் பாத்து உக்காந்து திங்கேன். நாய் மாதிரி."

"ஏட்டி, அதெல்லாம் எதுக்கு அம்மாகிட்ட?" என்றான் பூலோகம்.

"கேட்டாங்கள்ளா? சொல்லுதேன்."

செங்கமலம் விளக்கினார். புற்றை வெட்டி எடுப்பார்கள். கன்னத்தில் பெரிய ஓட்டை விழும். தொடையிலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து, உள்ளே ஒரு தோல் வெளியே ஒரு தோலாக வைப்பார்கள். நான்கைந்து நாள் தாண்டிவிட்டால் பிறகு பயமில்லை.

"தொடையிலயா?" வெள்ளத்தாய் புருஷனைப் பார்த்தாள். "ஊர்ல என்னன்னு சொல்லுவாளுவ?"

"ஒன் தொடையத்தானே வைக்காங்க. எவ தொடையையும் கடன் வாங்கலையே" என்றான் பூலோகம்.

அவள் ஒற்றைக் கையால் அவன் தோளில் அடித்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ரொசாரி தாலியைக் கழற்றச் சொன்னபோது வெள்ளத்தாய் மறுத்தாள். கட்டின நாளிலிருந்து அது கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. கடைசியில் பூலோகம்தான் கழற்றினான். கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"கண்ணு முழிக்கும்போது கழுத்துல கெடக்கணும், ஆமா" என்றாள்.

அருளப்பன் அருகில் நின்றிருந்தார். "ஒரு வாரத்துக்குக் கழுத்துல எதுவும் கூடாதும்மா. கன்னத்துக்குப் போற குழாயைக் கழுத்துலதான் தைக்கிறோம். மேல எது அழுத்தினாலும் ரத்தம் நின்னுடும். புரியுதா?"

அவள் புருஷனின் சட்டைப் பையைப் பார்த்தாள். பூலோகம் தலையை ஆட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை வரை ஆபரேஷன் நடந்தது. தமனியைச் செங்கமலம் தைத்தார். சிரைக்கு வந்ததும் எழுந்து இடம் விட்டார்.

"நீங்க தையுங்க சார்."

சிரை ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதன் சுவர் நனைந்த காகிதம்போல் இருக்கும். அருளப்பன் முதல்முறையாக ஒரு மனிதருக்குத் தைத்தார். ஒன்பது தையல். ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்ததும் வெளுத்திருந்த தொடைத்துண்டு மெதுவாக இளஞ்சிவப்பானது.

செங்கமலம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அருளப்பனுக்கு அது போதுமாயிருந்தது.

வெள்ளத்தாய் வார்டுக்கு வந்தாள். வாய் வீங்கியிருந்ததால் மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டு ஒரு குழாய் பொருத்தியிருந்தது. அது விழாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை நாடா. குழாய் இருக்கும்வரை அவளால் பேச முடியாது.

மணிக்கு ஒருமுறை ரொசாரியோ வேறு நர்ஸோ டார்ச் அடித்து ஃபிளாப்பின் நிறத்தைப் பார்ப்பார்கள். தொட்டுச் சூடு பார்ப்பார்கள். அருளப்பன் காலையும் மாலையும் ஊசியால் குத்திப் பார்ப்பார். நல்ல சிவப்பாக ஒரு துளி வந்தால் சரி.

அவர் பூலோகத்திடம் சொன்னார். "எதையும் தொடாதீங்க. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க."

பூலோகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

புதன்கிழமை நல்லபடியாகப் போனது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அருளப்பன் வந்தபோது, வெள்ளத்தாய் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை மார்புக்கு மேல் கழுத்து வரை ஏறியிருந்தது. எச்சில் வடிந்து வெள்ளை நாடா நனைந்து நாறியது. அவர் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது நாடா கட்டினார். ரொசாரி வேறு கட்டிலில் இருந்தாள். நர்ஸுக்குக் காத்திருக்காமல் அவரே கட்டியது நோயாளிமேல் இருந்த அக்கறையால்தான். நாடா நழுவிக் குழாய் வெளியே வந்துவிட்டால் மூச்சு நின்றுவிடும். ஆகவே இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு புறநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்தே முக்காலுக்கு ரொசாரி போன் செய்தாள்.

"சார், பதினோராம் நம்பர். ஃபிளாப் கலர் சரியில்ல. சீக்கிரம் வாங்க."

அருளப்பன் ஓடினார். கன்னத்தில் வைத்த தோல் உப்பியிருந்தது. நிறம் நாவல்பழம். ஊசியால் குத்தினார். கறுப்பு ரத்தம் குபுக்கென்று வந்தது. உள்ளே போகிற ரத்தம் போகிறது. திரும்ப வழியில்லை. அதற்கு அர்த்தம் சிரை. அவர் தைத்த சிரை.

போர்வையை விலக்கினார். கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது.

"யார் கட்டினது இதை?"

பூலோகம் எழுந்து நின்றான். "நான்தான் சார்."

"என்ன சொன்னேன் நான்? என்ன சொன்னேன்?"

"கட்டக்கூடாதுன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"அவ கையக் கையக் காமிச்சா சார். கண்ணு முழிச்சதுலேருந்து நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காமிச்சு அழுதா. தாங்க முடியல."

"தாங்க முடியலைன்னு கொன்னுட்டீங்க. பத்து மணி நேர வேலை. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எதுக்கு ஆபரேஷன்? கயித்தைக் கட்டி வீட்டுல வச்சுக்க வேண்டியதுதானே?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அருளப்பன் டிரேயிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மஞ்சள் கயிற்றை வெட்டினார்.

வெள்ளத்தாயால் சத்தம் போட முடியவில்லை. தொண்டைக் குழாயில் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. வெட்டின இரண்டு நுனிகளையும் அவள் விரல்கள் பிடித்துக்கொண்டன. பிறகு ஒரு கையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். மறுபடி காட்டினாள்.

"அதெல்லாம் அப்புறம் கட்டிக்கலாம். கையை எடும்மா" என்றார் அருளப்பன்.

ஐந்து நிமிடம் போனது. நிறம் மாறவில்லை.

அவர் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். கழுத்தைத் திறந்து சிரையை மறுபடி தைக்க வேண்டியிருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் ஃபிளாப்பை எடுத்து எறிந்துவிட்டு, ஓட்டையோடு விட வேண்டியதுதான். செங்கமலத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

செங்கமலம் வந்தார். அருளப்பன் வேகமாகச் சொன்னார். "மேடம், சிரை அடைச்சிருக்கு. இவர் கயிறு கட்டியிருக்கார். நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியும்..."

செங்கமலம் ஃபிளாப்பைப் பார்த்தார். தொட்டார். பிறகு அருளப்பனைத் தாண்டிப் போய்ப் பூலோகத்தின் முன்னால் நின்றார்.

"எப்ப கட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம், காப்பி குடுக்க வந்தாங்களே அந்நேரம். யாரும் பாத்திரக் கூடாதுன்னு அவ போர்வைய இழுத்து மூடிக்கிட்டா."

"கட்டினது தப்பு. தெரியும்ல?"

"தெரியும்மா. தப்புதான்."

"கட்டினதுக்கு அப்புறம் கன்னம் எப்படி இருந்தது?"

பூலோகம் நிமிர்ந்து பார்த்தான். அந்த வார்டில் அவனை யாரும் அப்படியொரு கேள்வி கேட்டதில்லை.

"நல்லா இருந்துச்சும்மா. நான் கண்ணெடுக்கலையே. எப்பவும்போல ரோஸாத்தான் இருந்துச்சு. விடிஞ்சும் ரோஸுதான்."

"எப்ப மாறிச்சு?"

"சார் வந்து அந்த வெள்ள நாடாவ மாத்துனாருல்லா. மாத்திட்டுப் போயிக் கொஞ்ச நேரத்துல இவ நெத்தியச் சுருக்குனா. கழுத்தச் சொறிஞ்சா. பத்து மணிக்கு சிஸ்டர் பாத்துட்டுப் போன பொறவு, ஓரத்துல மட்டும் நாவப்பழக் கலர். ஒரு நெகக்கண்ணு அகலம். பொறவு அது உள்ள உள்ள ஏறிச்சு. நான் சிஸ்டரக் கூப்புட்டேன்."

"ஆமா மேடம், இவர்தான் கூப்பிட்டார்" என்றாள் ரொசாரி.

"சார்கிட்ட இதை ஏன் சொல்லல?"

பூலோகம் தரையைப் பார்த்தான். "சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மஞ்சக் கயித்தப் பாத்துட்டாரு. நான் குத்தவாளியாயிட்டேன். குத்தவாளி சொன்னா யாரும்மா கேப்பா?"

செங்கமலம் கட்டிலுக்குத் திரும்பி வெள்ளை நாடாவுக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்தார். நுழையவில்லை. நகம்கூட நுழையவில்லை. எட்டு மணிக்குச் சரியாக இருந்த நாடா. அதற்குப் பிறகு ஆபரேஷனால் கழுத்து வீங்கி, நாடா இறுகியிருந்தது.

அறுந்து கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துக் கழுத்தைச் சுற்றிப் பார்த்தார். நான்கு விரல் நுழைந்தது.

அருளப்பனிடம் கத்தரிக்கோலை நீட்டினார்.

அருளப்பன் வாங்கி வெள்ளை நாடாவை வெட்டினார். கழுத்தில் அது பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. செங்கமலம் குழாயைப் பிடித்துக்கொண்டு, அதன் இரண்டு ஓரத்தையும் தோலோடு தைத்துவிட்டார். இனி நாடாவே தேவையில்லை. தலையணையைச் சரிசெய்தார்.

"கால் மணி நேரம் பார்ப்போம். மாறலைன்னா தியேட்டர். ரொசாரி, டிராலியைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தச் சொல்லு."

பிறகு பூலோகத்திடம் சொன்னார். "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் இருக்கேம்மா."

"போயிட்டு வாங்க. சார் பாத்துக்குவார்."

பூலோகம் தயங்கித் தயங்கிப் போனான். செங்கமலம் அந்த ஸ்டூலைக் காலால் அருளப்பன் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க சார்."

"என்ன செய்யணும் மேடம்?"

"அவர் செஞ்சதை."

செங்கமலம் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

அருளப்பன் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோயாளியின் ஸ்டூலில் அவர் உட்கார்ந்ததில்லை. நின்றுகொண்டு பார்த்தால் ஒரு கட்டிலைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். உட்கார்ந்தபோது வேறு விஷயங்கள் தெரிந்தன. ஃபிளாப்பின் ஓரத்தில் தையலுக்கும் தையலுக்கும் நடுவில் தோல் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு நிறமாக இருந்தது. வெள்ளத்தாயின் இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. உள்ளங்கைகளில் உப்பு தின்ற வெடிப்புகள். அவள் அவரைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கழுத்தைக் காட்டினாளே, அது ஞாபகம் வந்தது. இரண்டு முறை காட்டினாள்.

"கழுத்துல இறுக்குதுன்னுதான் காட்டினீங்களா?" என்று கேட்டார்.

வெள்ளத்தாய் கண்களை மட்டும் திருப்பினாள். ஒருமுறை மூடித் திறந்தாள்.

ஐந்து நிமிடம் ஆனது. எதுவும் மாறவில்லை. எட்டு நிமிடம். டிராலி வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அருளப்பன் ஊசியை எடுத்தார். செங்கமலம் ஜன்னலிலிருந்து, "இன்னும் நேரம் இருக்கு" என்றார். அவர் ஊசியை வைத்துவிட்டார்.

பத்தாவது நிமிடத்தில் காதுப்பக்கத்து ஓரத்தில், ஒரு நகக்கண் அகலத்துக்கு, கருநீலம் வெளிறியதுபோல் இருந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். கண்ணை மூடித் திறந்தார். வெளிறிய இடம் இரண்டு நகக்கண் ஆகியிருந்தது. வீங்கின ஓரம் சுருங்கி, தோலில் மெல்லிய வரிகள் விழுந்தன.

கால் மணி நேரத்தில் ஊசியால் குத்தினார். முதலில் கறுப்பாக ஒரு துளி. துடைத்தார். அடுத்த துளி சிவப்பு.

"மேடம்" என்றார்.

செங்கமலம் வந்து பார்த்தார். "டிராலியை அனுப்பிடு ரொசாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பூலோகம் திரும்பி வந்தான். கையில் இரண்டு காகிதக் கப். கட்டிலைத்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் அவன் தோள் இறங்கியது.

"ரோஸ் வந்துட்டுல்லா சார்?"

"வந்துடுச்சு."

"சாருக்கும் டீ வாங்கியாந்தேன். ஆறிருக்கும்."

அருளப்பன் கப்பை வாங்கிக்கொண்டார். ஸ்டூலிலிருந்து எழுந்தார். "நான் அந்தக் கயித்தை அறுத்திருக்கக் கூடாது" என்றார்.

"கயிறு கடையில கெடைக்கும் சார். கன்னம் கெடைக்குமா?" பூலோகம் குரலைத் தாழ்த்தினான். "ஆனா அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்குன்னா ஒண்ணுமில்ல. அவ மனசுல வச்சுக்கிடுவா. அந்த ஊசியக் குத்தும்போதெல்லாம் நெனச்சுக்கிடுவா."

அருளப்பன் கட்டிலருகே குனிந்தார். "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க."

வெள்ளத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்துத் தன் இடது மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். பூலோகத்துக்குப் புரிந்தது. அறுந்த கயிற்றை முடிந்து, மணிக்கட்டில் சுற்றிக் கட்டினான்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதை அப்படியே அருளப்பன் முன்னால் நீட்டினாள். மற்றக் கையால் தன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டி, கயிற்றைக் காட்டினாள்.

அருளப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. ரொசாரிக்கு விளங்கிவிட்டது.

"விரல் நுழையுதான்னு பாக்கச் சொல்றாங்க சார்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அருளப்பன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். "நுழையுதும்மா."

வெள்ளத்தாயின் தொண்டைக் குழாயில் உஸ் உஸ் என்று காற்று வந்தது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. கன்னத்தை அசைக்கக் கூடாது என்று பூலோகம் அதட்டினான்.

பதினான்காம் நாள் அவளுக்கு முதல்முறையாக வாய்வழியாகத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மடக்கு. ஃபிளாப்புக்கு உணர்ச்சி கிடையாது. தண்ணீர் அங்கே இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே விழுங்கிவிட்டு, வடிகிறதா என்று புருஷனைக் கண்ணால் கேட்டாள். பூலோகம் அவள் தாடையைச் சுற்றிப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டி இல்லை என்றான். அவள் இன்னொரு மடக்குக் கேட்டாள்.

அடுத்த தை மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, கொழுந்தன் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்ததாகச் சொன்னாள். சாப்பாடு சரியில்லை என்றும், சாம்பாரில் உப்பே இல்லை என்றும் சொன்னாள்.

அருளப்பன் ஒரு வருடம் முடித்தார். அதற்குள் முப்பத்தோரு சிரைகள் தைத்திருந்தார். இரண்டு ஃபிளாப் போய்விட்டன. மற்றவை நின்றன. வார்டில் அவர் எந்தக் கட்டிலுக்குப் போனாலும், முதலில் ஸ்டூலில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். அதனால் அவருடைய ரவுண்ட்ஸ் முடிய மத்தியானம் ஆகிவிடுகிறது என்று ரொசாரி குறைப்பட்டுக்கொள்வாள்.

ஊருக்குப் புறப்படும் நாளில் செங்கமலத்தைப் பார்க்கப் போனார். அவர் மேஜையில் அன்று வந்த நோயாளிகளின் படங்கள் பரவியிருந்தன.

"மைக்ராஸ்கோப் கிடைச்சிடுச்சா சார்?"

"கிடைச்சிடுச்சு மேடம். பழசுதான். மயக்க டாக்டர் ஒருத்தர் வாரம் ரெண்டு நாள் வர்றேன்னிருக்கார்."

"அப்புறம் என்ன?"

அருளப்பன் உட்காரவில்லை.

"ஒரு பயம்தான் மேடம். தையல் வரும். மத்ததும் வரும். ஆனா இங்கே நிறம் மாறினா உங்களைக் கூப்பிட்டேன். நீங்க வந்தீங்க. நான் பார்க்காததைப் பார்த்தீங்க. அங்கே நான் ஒருத்தன்தான். நான் தப்பாப் பார்த்தா, தப்புன்னு சொல்ல யாரும் இல்ல. அன்னைக்கு மாதிரி ஒண்ணு நடந்தா நான் யாரைக் கூப்பிடறது?"

செங்கமலம் படங்களிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அன்னைக்கு நானும் எதையும் பார்க்கல சார்" என்றார். "அங்கேயும் கட்டில் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருப்பார்."